குணமாகும் வரை பால் கொடுக்காதே

போன மாதம் நர்ஸ்களாகிய உங்களில் ஒருவர் ஆயர் குரோவிலிருந்து என்னைப் பார்க்க வந்திருந்தார். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. எச்.ஐ.வி உள்ள ஒரு தாய்க்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. தாய்ப்பால் வேண்டாம் என்று முடிவாகி, மாவுப் பால் கொடுத்து, எப்படிக் கலக்குவது என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கிளம்பும்போது அந்தப் பெண் திரும்பி, “வீட்டுல ஏன் பால் கொடுக்கலன்னு கேட்டா என்னா சொல்றது, மிஸ்ஸி?” என்று கேட்டிருக்கிறாள். “நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?” என்று என்னிடம் கேட்டார்.

அன்று அவரிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எச்.ஐ.வி என் காலத்துக்குப் பிறகு வந்த நோய். அது தாய்ப்பால் வழியாகவும் பிள்ளைக்குப் போகக்கூடியது. அதில் என்ன செய்வது என்று உங்கள் டாக்டர்கள்தான் சொல்ல வேண்டும். நான் சொல்லப்போவது காசநோய் இருந்த ஒரு தாயைப் பற்றி. இதில் யாரும் வைத்தியம் தேட வேண்டாம். நான் எங்கே தவறினேன் என்பதை மட்டும் பாருங்கள்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த அடுத்த வருஷம். எனக்கு இருபத்து நான்கு வயது. மலாக்காவில், காஜா பெராங் தாய்சேய் கிளினிக்கில் நர்ஸாக இருந்தேன்; மிஸ்ஸி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பலகைச் சுவர், தகரக் கூரை, மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அதுவரை எங்களுக்குத் தலைமையாக இருந்த வெள்ளைக்கார சிஸ்டர் தன் ஊருக்குத் திரும்பிப் போயிருந்தார். அவர் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டிய விதிகள் மட்டும் எங்களோடு இருந்தன. அதில் ஒன்று, காசநோய் உள்ள தாய் பால் கொடுக்கக் கூடாது, பிள்ளையைத் தள்ளிப் படுக்க வைக்க வேண்டும் என்பது. ஏன் என்று அதில் எழுதியிருக்கவில்லை. நாங்களும் கேட்டதில்லை.

அஞ்சலை என்ற பெண் ஆறு வாரப் பெண் குழந்தையோடு வந்தாள். ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி டவுனுக்கு வந்திருந்தாள். புருஷன் கோவிந்தன் முனிசிபல் லோரியில் வேலை. கிளினிக்குக்குப் பின்னால் இருந்த சந்தில், வீட்டுக்காரரான ஒரு சீன டௌக்கேயின் வரிசை வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். குழந்தை நன்றாக இருந்தது, எடையில் ஒரு குறையும் இல்லை. நான் தாயைத்தான் பார்த்தேன். கழுத்தெலும்பு எழும்பி நின்றது. பேச்சுக்கு நடுவே முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினாள். எத்தனை நாளாக என்று கேட்டேன். “பிள்ள வயித்துல இருக்கும்போதே இருக்கு,” என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். எக்ஸ்ரே படத்திலும் சளியிலும் காசநோய் என்று வந்தது. வார்டில் இடம் இல்லை. தினமும் எங்கள் கிளினிக்குக்கு வந்து ஊசி போட்டுக்கொண்டு, மாத்திரை எடுத்துக்கொண்டு, வீட்டிலிருந்தே குணமாகட்டும் என்றார்கள்.

அன்று அவளை உட்கார வைத்து நான் பேசியது ஐந்து நிமிஷம் இருக்கும். என்ன நோய் என்று சொன்னேன், மருந்தை விடக்கூடாது என்று சொன்னேன். பிறகு, “குணமாகும் வரைக்கும் பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கூடாது. மாவுப் பால் டின் நாங்களே தரோம். பிள்ளை உன் பக்கத்துல படுக்க வேணாம்,” என்றேன்.

அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“என் மாமியாருக்குத் தெரியக் கூடாது மிஸ்ஸி,” என்றாள். “அவருக்கும் தெரியக் கூடாது. எங்க சந்துல ஒரு குடும்பத்த இந்த நோவுன்னு தெரிஞ்சு டௌக்கே காலி பண்ணச் சொல்லிட்டாரு.”

“நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்,” என்றேன். சொன்னபடியே இருந்தேன். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. பால் கொடுக்காததற்கு வீட்டில் அவள் என்ன காரணம் சொல்வாள், புட்டிப் பாலை யார் கலக்குவார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த அடுப்பில் கொதிக்க வைப்பார்கள் என்று ஒன்றும் கேட்கவில்லை. அவளுடைய வீடு கிளினிக்கிலிருந்து இருநூறு அடி தூரம். நான் எட்டிப் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து அஞ்சலை தவறாமல் வந்தாள். ஊசி போடும் பக்கத்தை மட்டும் கேட்பேன். “நேத்து வலது,” என்பாள், இடது பக்கம் காட்டுவாள். முடிந்ததும் போய்விடுவாள். இருமல் குறைந்தது. முகத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. மருந்து வேலை செய்கிறது என்று எனக்கு மகிழ்ச்சி.

வாராவாரம் குழந்தையை எடை பார்க்கும் நாளில்தான் விஷயம் சரியில்லாமல் போனது. முதல் மாதம் எடை ஏறவில்லை. அடுத்த தடவை குறைந்திருந்தது. மேஜைக்கு முன்னால் பத்துப் பதினைந்து தாய்மார்கள் வரிசையில் நின்றார்கள். என் குரல் எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

“வாரம் ஒரு டின் கொடுக்கிறோம். எங்க போகுது அந்தப் பாலு? நீ ஒழுங்கா கலக்குறியா, இல்லையா?”

“அத்தைதான் கலக்குறாங்க.”

“அத்தைகிட்ட சொல்ல மாட்டியா? உன் பிள்ளைதானே?”

அவள் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகும் ஊசிக்கு வந்தாள். குழந்தையை மட்டும் கொண்டு வரவில்லை. எடை பார்க்கும் நாள் ஒன்று போனது, இன்னொன்றும் போனது. கேட்டால், “தூங்குது மிஸ்ஸி,” என்பாள். நான் கோபத்தில், அவளாக வரட்டும் என்று இருந்துவிட்டேன்.

நினைவில் வையுங்கள், ஒரு தாயை வரிசைக்கு முன்னால் வைத்துத் திட்டினால் அவள் திருந்த மாட்டாள். பிள்ளையை நம்மிடம் காட்டாமல் இருக்கக் கற்றுக்கொள்வாள்.

அந்தச் சந்தில் அடுத்த வீட்டில் ஒரு மலாக்காச் செட்டி அம்மா இருந்தார், பழங்காலத்தில் இங்கே குடியேறிய தமிழ் வியாபாரிகள் வழி வந்தவர். எல்லோரும் பீபிக் என்று கூப்பிடுவார்கள். மலாய்ப் பெண்கள் போலக் கெபாயாச் சட்டையும் சாரோங்கும் உடுத்தியிருப்பார், கோயிலுக்கு நம்மோடு வருவார், தமிழ் வராது. ஒரு காலை பத்து மணி இருக்கும், கையில் குடையோடு நேராக என் மேஜைக்கு வந்தார். மலாயில் பேசினார்.

“மிஸ்ஸி, அஞ்சலை வீட்டுக் குழந்தை லெம்பெக் ஆகிவிட்டது,” என்றார். துவண்டுவிட்டது என்று அர்த்தம். “மூன்று நாளாகப் பேதி. இன்று காலையிலிருந்து அழவே இல்லை. அவள் உங்களிடம் வரப் பயப்படுகிறாள். அதனால் நான் வந்தேன்.”

அழவில்லை என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்துவிட்டேன்.

அந்த வீட்டு வாசலில் நான் கால் வைத்தது அன்றுதான். ஒரே அறை, பின்னால் ஒரு சிறிய சமையலிடம். எட்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு குழாய். சுவர்ப் பொந்துக்குள் கரியடுப்பு அணைந்து கிடந்தது. அடுப்புப் பக்கத்தில் கடையில் விற்கும் இனிப்பு டின்பால் திறந்திருந்தது, மூடி மடங்கிக் கிடந்தது, அதன் விளிம்பில் எறும்பு. பக்கத்தில் குழந்தையின் புட்டி. ரப்பரைத் தொட்டுப் பார்த்தேன், உள்ளே வழவழவென்று இருந்தது. நான் வாரம் தவறாமல் கொடுத்த மாவுப் பால் டின் ஒன்று மேல் தட்டில் இருந்தது.

குழந்தை மாமியார் மடியில் கிடந்தது. கண் குழிந்து, உச்சிக்குழி பள்ளமாகி, வயிற்றுத் தோலைக் கிள்ளினால் கிள்ளின இடத்தில் அப்படியே நின்றது. உதடு காய்ந்திருந்தது. மூன்றரை மாதக் குழந்தைக்கு முகம் கிழவியின் முகமாக இருந்தது. மாமியார் காத்தாயி என்னை நிமிர்ந்து பார்த்து, “மந்திரிச்சும் நிக்கல,” என்றார்.

பீபிக் ஒரு பெச்சாவை, மூன்று சக்கர மிதிவண்டியை, நிறுத்திவிட்டார். அஞ்சலை குழந்தையை வாங்கிக்கொண்டு ஏறினாள், நான் பக்கத்தில் ஏறினேன். பெச்சாக்காரர் தன்னால் முடிந்த மட்டும் மிதித்தார். அப்படியும் ஆஸ்பத்திரிக்குப் போக அரை மணியாவது ஆகும். அந்த வீட்டில் கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு சொட்டு இருக்கவில்லை. அவசரத்தில் கிளினிக்கிலிருந்து குளுக்கோஸ் தண்ணீர் எடுத்து வர எனக்குத் தோன்றவில்லை. குழந்தை உதட்டை லேசாக அசைத்தது. அவ்வளவுதான்.

“மிஸ்ஸி,” என்றாள் அஞ்சலை. “எங்கிட்ட இருக்கு. கொடுக்கட்டா?”

எனக்குப் புரியவில்லை. “என்ன இருக்கு?”

“பாலு.”

நிறுத்தி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. “எப்படி இன்னும் இருக்கு?” என்றேன்.

“குளிக்கிற எடத்துல தெனமும் பீச்சிக் கொட்டிடுவேன். காலைல, மத்தியானம், சாயந்தரம். விட்டா நின்னு போயிடுமே. குணமாகும் வரைக்கும்னுதானே நீங்க சொன்னீங்க. குணமான பெறகு கொடுக்கணும்ல?”

குணமாகும் வரைக்கும் என்பதை நான் எல்லோரிடமும் சொல்வேன். அது வாயில் பழகிப்போன ஒரு சொல். அதை நம்பி ஒருத்தி நாளுக்கு மூன்று தடவை தன் பாலைச் சிமெண்டுத் தரையில் கொட்டிக்கொண்டிருந்தாள், அது வற்றிப் போகக் கூடாது என்பதற்காக.

பெச்சா கோயிலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. சுவரில் ஒட்டியிருந்த விதி எனக்கு மனப்பாடம். குழந்தையின் முகமும் எதிரில் இருந்தது. விதியை மீறி நோய் தொற்றினால் பழி என் மேல். மீறாமல் குழந்தை வழியிலேயே போனால் யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். உண்மையைச் சொல்கிறேன், இரண்டாவது நினைப்புதான் என்னை வெட்கப்பட வைத்தது. 

“கொடு,” என்றேன். “முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கோ. பிள்ளை மேல மூச்சு விடாத.”

முந்தானையால் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டு கொடுத்தாள். குழந்தைக்கு உறிஞ்சத் தெம்பில்லை. அவள் விரலால் அழுத்தி வாயில் சொட்டுச் சொட்டாக விட்டாள். ஆறேழு சொட்டுக்குப் பிறகு தொண்டை அசைந்தது. பிறகு ஒரு தடவை தானாகச் சப்பியது. பெச்சாக்காரர் திரும்பிப் பார்க்காமல் மிதித்துக்கொண்டே இருந்தார்.

ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு உடனே நரம்பில் மருந்துத் தண்ணீர் ஏற்றினார்கள். அன்றைக்குள் அபாயம் கழிந்தது என்று சொல்ல முடியாது, ஆனால் சாயங்காலம் ஒரு தடவை அழுதது. அந்தச் சத்தத்துக்காகத்தான் நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

அதற்கு முன், மத்தியானம் ஆவதற்குள்ளேயே, அஞ்சலையின் மார்புநோயைப் பார்க்கும் டாக்டர் வந்தார். சீனர், என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருக்கலாம். அவரும் புதிது, நானும் புதிது. நானே முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன்.

“டாக்டர், வழியில பால் கொடுக்கச் சொல்லிட்டேன். விதிப்படி கூடாது. எனக்குத் தெரியும்.”

“சளியில் இப்போது கிருமி இருக்கிறதா?” என்று கேட்டார்.

“இல்லை.”

“எப்போதிலிருந்து?”

“ரெண்டு வாரத்துக்கு முன்னால அறிக்கை வந்திருச்சு. கிருமி இல்லைன்னு.”

“அதை வைத்து என்ன செய்தீர்கள்?”

“கோப்புல வச்சேன்.”

அவர் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மெதுவாகச் சொன்னார்: “இந்த நோய் இருமலில் போகிறது. மூச்சில் போகிறது. பாலில் இல்லை. தாய் இருமிக் கிருமியைத் துப்பிக்கொண்டிருக்கும் வரைக்கும் பிள்ளையை நெஞ்சில் வைக்காதே என்று சொல்வதற்காகத்தான் அந்த விதி. சளி சுத்தமான பிறகு அதை யாராவது எடுத்துவிட வேண்டும். யாரும் எடுக்கவில்லை.”

யாரும் என்று அவர் மரியாதைக்குச் சொன்னார். அந்தத் தாள் என் கையில்தான் வந்தது. நல்ல செய்தி என்று படித்து, குத்தூசியில் குத்தி, அஞ்சலையின் நோய்க் கோப்பில் வைத்தேன். குழந்தையின் எடை அட்டை வேறு பெட்டியில் இருந்தது. இரண்டும் ஒரே வீட்டு விஷயம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

“இனிமே என்ன கொடுக்கிறது?” என்று கேட்டேன்.

“இரண்டு பக்கமும் ஆபத்து இருக்கிறது,” என்றார். “தாய்க்கு மறுபடி கிருமி வரலாம். புட்டியில் மறுபடி பேதி வரலாம். எது பெரிய ஆபத்து என்பது அந்த வீட்டைப் பொறுத்தது. நான் வீட்டைப் பார்த்ததில்லை. நீங்கள் பார்த்திருப்பீர்கள், சொல்லுங்கள்.”

காலையில்தான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. பார்த்ததைச் சொன்னேன். ஒரு குழாய், கரியடுப்பு, எறும்பு, வழவழத்த ரப்பர். சொல்லி முடித்ததும் அவர் அஞ்சலையின் பக்கம் கை காட்டி, “அவர் என்ன சொல்கிறார்?” என்றார்.

நாங்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தோம். இரண்டடி தள்ளி, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். அவளிடம் திரும்பி இனிமேல் செய்யக்கூடியதை எல்லாம் தமிழில் சொன்னேன். பால் கொடுத்தால் என்ன, புட்டி என்றால் என்ன, கொடுப்பதாக இருந்தால் வாயில் துணி கட்ட வேண்டும், பிள்ளைக்கும் தினமும் மாத்திரை பொடித்துக் கொடுக்க வேண்டும், மாதாமாதம் சளியைச் சோதிக்க வேண்டும். கடைசியில், “நீ என்ன நினைக்கிற?” என்று கேட்டேன். இரண்டு மாதத்தில் நான் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று சொல்லலாம். ஊசி எந்தப் பக்கம் என்பதைக் கேள்வியில் சேர்க்க முடியாது.

“நான் கொடுக்கிறேன்,” என்றாள் உடனே. பிறகு கொஞ்சம் தயங்கி, “துணி கட்டினா அத்தை கேப்பாங்களே,” என்றாள்.

மத்தியானம் கோவிந்தன் லோரி வேலையை விட்டு அப்படியே காக்கிச் சட்டையோடு வந்தார், காத்தாயியும் வந்தார். அஞ்சலை முதலில் புருஷனைத் தனியே கூப்பிட்டுத் தாழ்வாரத்தில் பேசினாள். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பிறகு அவள் மாமியாரிடம் வந்தாள். என்னையும் பக்கத்தில் நிற்கச் சொன்னாள்.

“அத்த, எனக்கு இருமல் நோவு. காசம். அதான் பிள்ளைக்குப் பால் கொடுக்கல. பாலு வத்திப்போச்சுன்னு சொன்னது பொய்.”

காத்தாயி குழந்தையின் காலை மூடியிருந்த துணியைச் சரி செய்தார்.

“தெரியும்,” என்றார்.

அஞ்சலை அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“உங்க மாமா தோட்டத்துல இந்த இருமல்லதான் போனாரு. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? வயித்துல பிள்ளையோட நீ இருமறப்பவே தெரியும்.”

“ஏன் அத்த கேக்கல?”

“கேட்டா, வெளிய போன்னு சொல்லிடுவேன்னு பயப்படுவ. சொல்றப்ப சொல்லட்டும்னு விட்டுட்டேன். அடுப்பங்கரைப் பக்கம் வராதன்னு உன்னைப் படுக்க வச்சேன். தெம்புக்குப் பாலு கலக்கிக் கொடுத்தேன்.”

“எந்தப் பால் அம்மா?” என்று நான் கேட்டேன்.

“ஆஸ்பத்திரிப் பாலுதான். நீங்க வாராவாரம் கொடுக்கிற மாவு. நோவுக்காரங்களுக்குத்தானே அது. காலையிலும் சாயந்தரமும் ரெண்டு கரண்டி போட்டு அவளுக்குக் கொடுத்தேன். பிள்ளைக்கு எல்லாரும் கொடுக்கிற டின்பாலைக் கரைச்சு ஊத்தினேன். இனிப்பா இருக்கும், நல்லாக் குடிச்சுது.”

அஞ்சலையின் முகத்தில் சதை பிடித்தது மருந்தால் மட்டும் இல்லை என்று அப்போது தெரிந்தது. குழந்தைக்கு நான் கொடுத்த பாலை அந்தம்மா மருமகளுக்குக் கொடுத்து அவளைத் தேற்றியிருக்கிறார். குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் போயிருக்கிறது. மூன்று பேரும் அந்தக் குழந்தைக்காகவும் அஞ்சலைக்காகவும்தான் பாடுபட்டோம். மூன்று பேரும் ஒருவரோடொருவர் பேசவில்லை. மருமகள் பயத்தால் பேசவில்லை, மாமியார் இரக்கத்தால் பேசவில்லை. நான் ரகசியம் காக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு பேசவில்லை.

ரகசியம் காப்பது நம் கடமை. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. உங்கள் நோயாளிகளுக்கு அது எங்கள் காலத்தைவிட இன்னும் முக்கியம். ஆனால் அஞ்சலை சொல்லாதே என்றபோது, சரி என்று தலையாட்டியதோடு நான் நிறுத்திக்கொண்டேன். யாருக்குத் தெரிந்தால் ஆபத்து, யாருக்குத் தெரிந்தால் உதவி, எதைச் சொல்லலாம், எப்படிச் சொல்லலாம் என்று அவளோடு உட்கார்ந்து யோசித்திருக்கலாம். நோயின் பெயரைச் சொல்லாமலேகூட மாமியாரிடம் பால் கலக்கும் விதத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். ஒரு ரகசியத்தைத் தூக்கி அவள் தலையில் வைத்து, தனியாகச் சுமந்துகொண்டு போ என்று அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் குழந்தை நன்றாகச் சப்பிக் குடித்தது. அஞ்சலைக்கு முதல் இரண்டு நாள் பால் போதவில்லை. பிறகு ஊறியது. காத்தாயி பழைய வேட்டியைக் கிழித்து, ஓரம் தைத்து, நாடா வைத்து ஆறு முகத்துணி கொண்டு வந்தார். கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தேன் என்று என்னிடம் காட்டினார்.

அன்று மாலை தாழ்வாரத்தில் அஞ்சலையிடம் நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்காது. டாக்டர் என்னிடம் பேசியது ஆங்கிலத்தில்.

“உன் சளியில கிருமி இல்லைன்னு ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே தாள் வந்திருச்சு. அப்பவே உங்கிட்ட சொல்லி, டாக்டரையும் கேட்டு, நீ பால் கொடுக்க ஆரம்பிச்சிருக்கலாம். நான் கவனிக்கல. தப்பு என்னோடது.”

மன்னிப்பு வரும் என்று நான் எதிர்பார்த்தேனோ என்னவோ.

“ரெண்டு வாரம்னு சொல்றீங்க. பேதி ஆரம்பிச்சு அஞ்சு நாளுதான் மிஸ்ஸி ஆவுது,” என்றாள்.

குழந்தையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை எங்கள் புதிய சிஸ்டரிடம் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். எச்சரிக்கைக் கடிதம் வந்தது, பணிப் பதிவேட்டில் ஏறியது. பதவி உயர்வு இரண்டு வருஷம் தள்ளிப் போனது. சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். அதைவிடப் பெரிய காரியம், தாயின் கோப்பையும் பிள்ளையின் அட்டையையும் ஒன்றாகக் கட்டி வைக்க வேண்டும் என்று சிஸ்டர் உத்தரவு போட்டார். சுவரில் இருந்த தாளையும் கழற்றிவிட்டார்.

சந்தில் அஞ்சலை முகத்துணி கட்டிக்கொண்டு பால் கொடுப்பதைப் பார்த்துச் சிலர் கேட்டார்கள். பீபிக் அதற்குப் பதில் வைத்திருந்தார். சளி, இருமல் இருக்கும் தாய்மார் எல்லோரும் இனி இப்படித்தான் கட்ட வேண்டும், மிஸ்ஸியின் உத்தரவு என்று மலாயில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அதை உண்மையாக்குவதற்காக நானும் மறுவாரம் கிளினிக்கில் அப்படியே சொன்னேன். கெட்ட உத்தரவு ஒன்றும் இல்லை. டௌக்கே வாடகை வாங்க வந்தார், போனார். ஒன்றும் கேட்கவில்லை.

இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் எப்போதும் தாய்ப்பால்தான் சரி என்று முடிவு கட்டாதீர்கள். அடுத்த வருஷமே செமாபோக்கிலிருந்து ஒரு பெண் வந்தாள். சளி முழுக்கக் கிருமி, இருமலில் இரத்தம். இந்தத் தடவை முதலில் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அக்கா கூடவே இருந்தாள், மண்ணெண்ணெய் அடுப்பு இருந்தது, பாத்திரங்களைப் பார்த்தாலே கைச்சுத்தம் தெரிந்தது. அந்தப் பெண்ணே, “அக்காவுக்குத் தெரியலாம், வேற யாருக்கும் வேணாம்,” என்றாள். மூன்று பேரும் உட்கார்ந்தோம். அக்கா என் எதிரில் மூன்று தடவை பால் கலக்கிக் காட்டினாள். அந்தக் குழந்தை புட்டிப் பாலில்தான் வளர்ந்தது, நன்றாக வளர்ந்தது. அஞ்சலைக்குச் சொன்னதையே இவளுக்கும் சொல்லியிருந்தால் அது இன்னொரு தவறாகியிருக்கும்.

ஆயர் குரோவிலிருந்து வந்தவருக்கு நான் சொன்ன பதிலும் இதுதான். அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு என்னிடம் தயாரான பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை அவள் வாசலில் நின்று கேட்கும்படி விட்டது நம் தவறு. அதை நாம் முதலில் கேட்டிருக்க வேண்டும், நாற்காலியை இழுத்துப் போட்டு. உங்க வீட்டுல யார் யார் இருக்காங்க, யார் கேப்பாங்க, நீங்க என்ன சொல்லலாம்னு நினைக்கிறீங்க என்று. மறுநாளே அவர் அந்த வீட்டுக்குப் போனாராம். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அது அவர்கள் இருவருக்குள் இருக்க வேண்டியது.

அஞ்சலையைப் பற்றி மீதியையும் சொல்லிவிடுகிறேன். அவள் ஒன்றரை வருஷம் மருந்து எடுத்தாள். ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஆனால் என் மேஜைக்கு வரமாட்டாள். கிளினிக்கில் இன்னொரு நர்ஸ் இருந்தார், அவருடைய வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதில்தான் நிற்பாள். குழந்தை தவழ்ந்தது, நின்றது, நடந்தது, எல்லாவற்றையும் நான் அறையின் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன். நானாகப் போய்ப் பேசவும் இல்லை. அவள் கோபத்தை அவள் வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

மருந்து முடிந்த நாள் டாக்டரின் கடிதத்தோடு வந்தாள். இடுப்பில் குழந்தை. இன்னொரு நர்ஸிடம் கடிதத்தைக் காட்டிவிட்டு, நேராக என் மேஜைக்கு வந்து நின்றாள். நான் எழுந்து நின்றேன்.

“இனிமே ஊசி இல்ல,” என்றாள்.

“கேள்விப்பட்டேன். சந்தோஷம் அஞ்சலை.”

பெஞ்சில் உட்கார்ந்திருந்த மற்றப் பெண்களை ஒரு தடவை பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

“இவங்ககிட்ட எல்லாம் மொதல்ல கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க, மிஸ்ஸி.”

“சரி,” என்றேன்.

குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, வெயிலில் இறங்கிச் சந்துப் பக்கம் நடந்து போனாள்.